ஸ்பிளிட் ஏசி ஃபில்டர்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஏசி சரியாகக் குளிரவில்லை என்றதும் வீட்டில் யாராவது ஒருவர் "கேஸ் போயிருக்கும்" என்பார். ஏசிக்குள் இருக்கும் கேஸ் ஒரு மூடிய குழாய்ச் சுற்றில் ஓடுகிறது. வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி அது தீர்ந்துபோகாது. எங்காவது கசிந்தால்தான் குறையும். ஃபில்டர் அப்படியில்லை. ஏசி ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அது கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் தேடலை அங்கிருந்து தொடங்குவதுதான் முறை, செலவும் இல்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: குறைந்திருப்பது காற்றா, குளிரா? இரண்டும் வெவ்வேறு நோய்.

கதவு, ஜன்னலை மூடி, கூல் மோடில் 18 டிகிரியும் ஃபேன் வேகம் ஹையும் வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். (24-லேயே வைத்துப் பார்த்தால் இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சோதனை பொய்யாகிவிடும்.) பிறகு ஒரு டிஷ்யூ காகிதத்தை இன்டோர் யூனிட்டின் மேல்பக்கக் கிரில்லில் வையுங்கள். காற்று உள்ளே போகும் வழி அதுதான். காகிதம் சப்பென்று ஒட்டிக்கொண்டால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது. வழுக்கி விழுந்தால் அடைப்பு. அடுத்து ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரால் மேல்கிரில்லிலும், காற்று வெளிவரும் வாயிலும் வெப்பநிலை பாருங்கள். வித்தியாசம் சாதாரணமாக 8 முதல் 12 டிகிரி இருக்கும். கடலோர ஊர்களில் புழுக்கமான நாளில் கீழெல்லைக்குப் பக்கமாக வரும்.

காற்று மந்தம், ஆனால் வருகிற காற்று சில்லென்று இருந்து வித்தியாசம் 12-ஐத் தாண்டினால் ஃபில்டர், காயில் (ஃபில்டருக்குப் பின்னால் காற்றைக் குளிர்விக்கும் குழாய்-இதழ்த் தொகுதி), புளோயர் (காற்றைத் தள்ளும் உருளை விசிறி) மூன்றில் ஒன்றில் அழுக்கு. காற்று பலமாக வந்தும் வித்தியாசம் 5, 6 டிகிரிதான் என்றால் ஃபில்டரைக் கழுவிப் பயனில்லை. கேஸ் கசிவு, அவுட்டோர் காயில் அழுக்கு, கெபாசிட்டர் (மோட்டாரைக் கிளப்பும் மின்பாகம்) என்று பக்கம் மாறிவிடுகிறது. காற்றும் பலம், வித்தியாசமும் சரி, அறைதான் குளிரவில்லை என்றால் ஏசியைத் திட்ட வேண்டாம். மேல்தளத்து வெயில், கதவிடுக்கு, அறைக்குப் போதாத டன் (ஏசியின் குளிர்விக்கும் திறன்) ஆகியவற்றைப் பாருங்கள்.

காற்று மந்தமாக வருகிறது

ஏசிக்கான எம்சிபியை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. முன்பலகையை இரு ஓரத்திலும் பிடித்து மேலே தூக்கினால் 'டக்' என்று நிற்கும். உள்ளே இடமும் வலமுமாக இரண்டு வலை ஃபில்டர்கள். ஒவ்வொன்றின் அடிநுனியையும் லேசாக மேலே தள்ளி, முன்னால் இழுத்து, கீழ்நோக்கி உருவ வேண்டும். தூசு முகத்தில் கொட்டும். மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது. உள்ளே தெரியும் அலுமினிய இதழ்களில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளேடு மாதிரி கிழிக்கும்.

1. முதலில் உலர்ந்த தூசை எடுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் வெளிப்பக்கத்திலிருந்து உறிஞ்சுங்கள். இல்லையென்றால் மென்மையான பிரஷ். இதைச் செய்யாமல் நேராகத் தண்ணீரில் போட்டால் தூசு சேறாகி வலைக் கண்ணில் ஒட்டிக்கொள்ளும்.
2. குழாய்த் தண்ணீரை உள்பக்கத்திலிருந்து, அதாவது காயிலைப் பார்த்திருந்த பக்கத்திலிருந்து விடுங்கள். தூசு உட்கார்ந்திருப்பது வெளிமுகத்தில். அந்தப் பக்கத்திலிருந்தே பீய்ச்சினால் இன்னும் ஆழமாகத்தான் போய் மாட்டும்.
3. பிசுக்கு இருந்தால் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து 15–20 நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். கை தாங்கும் சூடுதான் அளவு. பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தேய்க்கலாம். ப்ளீச், தின்னர், கம்பி நார் கூடாது.
4. நுரை போகும்வரை அலசுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஒரு மக் போதும். இல்லையென்றால் காய்ந்தபின் வலையில் வெள்ளைப் பூச்சு நிற்கும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சேமித்துவைத்து இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதில்தான் உப்பு கூடுதல்.
5. உதறிவிட்டு நிழலில், சீலிங் ஃபேனுக்குக் கீழே ஓரிரண்டு மணி நேரம் காயவையுங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டால் சட்டம் வளைந்து, பிறகு பள்ளத்தில் உட்காராது. ஹேர் டிரையரும் அப்படியே.

காய்ந்ததும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணும் தெரிய வேண்டும். ஓட்டை இருந்தால் டேப் ஒட்டி ஓட்டாதீர்கள். யூனிட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்து அதே அளவு வாங்குங்கள். வாங்கும்வரை ஃபில்டர் இல்லாமல் ஓட்டலாமா என்றால், கூடாது. காயில் எப்போதும் ஈரமாக இருப்பதால் வடிக்கப்படாத தூசு அதில் பசை போட்டாற்போல் ஒட்டும். ஃபில்டர் கழுவுவது வீட்டு வேலை. காயில் கழுவ ஆள் கூப்பிட வேண்டும்.

வலைக்குப் பின்னால் சிறு பட்டையாக இன்னொரு ஃபில்டர் சில மாடல்களில் இருக்கும். கரி கலந்தது என்றால் தண்ணீரில் போடக் கூடாது. மற்றவை மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பார்த்தபின் தொடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? கோடையில் தினமும் ஓடும் ஏசிக்கு இரண்டு வாரம். வீடு மெயின் ரோட்டில் இருந்தாலோ, பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தாலோ, நாய் பூனை இருந்தாலோ வாரம் ஒருமுறை. மாதக்கணக்கில் நிறுத்திவைத்த ஏசியை மாசி பங்குனியில் மறுபடி போடும்போது, கழுவிவிட்டுத்தான் போட வேண்டும்.

ஃபில்டரைக் கழுவியும் காற்று பழையபடியே

ஃபில்டரைக் கழற்றிவைத்துவிட்டு இரண்டே நிமிடம் ஓடவிட்டுக் கவனியுங்கள். காற்று சட்டென்று கூடினால் வலைக் கண் இன்னும் அடைத்திருக்கிறது, மறுபடி ஊறவையுங்கள். கூடவில்லையென்றால் பிரச்சினை அதற்குப் பின்னால்.

டார்ச் அடித்துக் காயிலைப் பாருங்கள். இதழ்களுக்கு இடையே 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளிதான். அதில் சாம்பல் நிறக் கம்பளிபோல் தூசு படிந்திருந்தால், இரண்டங்குல பெயின்ட் பிரஷ்ஷால் இதழ் ஓடும் திசையில் மேலிருந்து கீழாக மட்டும் தடவி எடுங்கள். குறுக்கே தேய்த்தால் இதழ் மடங்கி, இருந்த இடைவெளியும் போய்விடும்.

புளோயரைப் பார்க்க ஒரு சின்ன உத்தி: ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே எம்சிபியை அணைத்தால் கீழ்மடல் திறந்தபடி நின்றுவிடும். மோட்டார் இயக்கும் மடலை விரலால் நெம்பத் தேவையில்லை. உள்ளே நீளமான உருளை ஒன்று தெரியும். அதன் பிளேடுகள் கரண்டிபோல் குழிந்தவை. அந்தக் குழி தூசால் நிரம்பிவிட்டால் உருளை சுற்றும், காற்றை மட்டும் தள்ளாது. இதை வீட்டில் முழுதாக எடுக்க முடியாது. பை கட்டித் தண்ணீர் பீய்ச்சும் வாட்டர் சர்வீஸ் கேளுங்கள், 'ஃபில்டர் தட்டிக் கொடுக்கும்' டிரை சர்வீஸ் வேண்டாம். அமிலம் கலந்த கெமிக்கல் போட்டால் பளிச்சென்று ஆகும் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்: அலுமினியம் அரிக்கும், அடுத்த ஆண்டு காயில் கசியும்.

காயிலில் ஐஸ் கட்டுகிறது

அறைக்காற்றின் சூட்டை வாங்கித்தான் காயில் உறையாமல் இருக்கிறது. அடைபட்ட ஃபில்டரால் காற்று குறைந்தால் காயிலின் குளிர் 0 டிகிரிக்குக் கீழே இறங்கி, அதில் வடியும் நீர் உறைகிறது. ஐஸ் மேலும் வழியை அடைக்க, மேலும் ஐஸ். கேஸ் குறைந்தாலும் ஐஸ் வரும், அதனால்தான் குழப்பம்.

பிரித்தறிய இரண்டு இடம் பாருங்கள். காற்றுக் குறைவால் வரும் ஐஸ் காயிலின் முகம் முழுக்கப் பரவலாகப் படியும். கேஸ் குறைவால் வருவது, கேஸ் உள்ளே நுழையும் ஒரு பகுதியில் மட்டும் திட்டாக நிற்கும், மீதி வெதுவெதுவென்று வறண்டிருக்கும். அவுட்டோரில் இரண்டு தாமிரக் குழாய் இருக்கிறதல்லவா, கேஸ் குறைவென்றால் மெல்லிய குழாயின் வால்வில் வெள்ளைப் பனி தெரியும். தடிமனான குழாயில் பனி என்றால் சந்தேகம் காற்றோட்டத்தின் மேல்.

ஐஸைக் கத்தியால் குத்தி எடுக்க வேண்டாம், ஒரு குத்து தவறினால் குழாய் ஓட்டை. கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, கீழே வாளியும் பழைய துண்டும் வையுங்கள். உருகியபின் ஃபில்டரைக் கழுவிப் போட்டு மறுநாள் பாருங்கள். சுத்தமான ஃபில்டரோடும் ஐஸ் வந்தால் மெக்கானிக் வேலை.

ஃபில்டர் புதிதாகவே இருந்து ஐஸ் கட்டும் ஒரு ரகமும் உண்டு. "பிஎம் 2.5 (நுண்தூசு) வடிக்கும்" என்று ஆன்லைனில் விற்கும் ஒட்டு ஷீட்டை வலைமேல் வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஏசியின் புளோயர் அவ்வளவு அடர்த்தியான துணி வழியே இழுக்கச் செய்யப்பட்டதல்ல. அதைப் பிய்த்து எறிந்தால் பாதி நோய் தீர்ந்தது.

இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

எங்கிருந்து என்பதை முதலில் பாருங்கள். மடலின் நுனியிலிருந்து முத்து முத்தாக விழுந்தால், மந்தமான குளிர்காற்று மடலைச் சில்லிட வைத்து அதில் வியர்க்கிறது. ஃபில்டரைக் கழுவி, ஃபேன் வேகத்தைக் கூட்டி, ஹால் கதவை மூடினால் நிற்கும். யூனிட்டுக்குப் பின்னால் சுவர் வழியே இறங்கினால் டிரெயின் (காயிலில் வடியும் நீரை வெளியே விடும் குழாய்) அடைப்பு, அல்லது குழாயைச் சுற்றிய இன்சுலேஷன் கிழிந்திருக்கிறது.

ஃபில்டருக்கும் டிரெயினுக்கும் தொடர்பு உண்டு. வலை தவறவிட்ட தூசு காயிலில் ஒட்டி, வடியும் நீரோடு தட்டுக்கு இறங்கி, பாசியோடு சேர்ந்து வழுவழுப்பான கூழாகிறது. அதுதான் குழாய் வாயை அடைக்கும். எம்சிபியை அணைத்து, ஃபில்டரை எடுத்துவிட்டு, பிழியும் பாட்டிலால் அரை லிட்டர் தண்ணீரைக் காயிலின் கீழ்ப்பகுதியில் மெதுவாக விடுங்கள். மின்பெட்டி பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் வெளியே குழாயில் வடிய வேண்டும். வராவிட்டால், ஈரம் இழுக்கும் வேக்குவத்தின் வாயை வெளிக்குழாய் நுனியில் துணி சுற்றிப் பொருத்தி உறிஞ்சுங்கள். உள்ளே ஊதாதீர்கள், கூழ் முழுவதும் கட்டில்மேல் வந்து விழும். நுனியில் மண் உருண்டை தெரிந்தால் அது குளவிக்கூடு. குச்சியால் உடைத்தால் போதும்.

அடைப்பே இல்லாமல் தண்ணீர் திரும்புவதும் நடக்கிறது. டிரெயின் குழாயை வாளிக்குள் விட்டுவைக்கும் வீடுகளில் நீர்மட்டம் ஏறி நுனி மூழ்கியதும் குழாய்க்குள் காற்று மாட்டி, வடிவது நின்றுவிடும். நுனி வாளியின் விளிம்புக்கு மேலே தொங்கட்டும். அந்த வாளியை வாரத்துக்கு ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதைவிட வசதியான இடம் கிடையாது. குழாய்க்கு ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிவும் இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே கூழ் தங்கும்.

நாற்றம்

ஈரத்துணி வாடை என்றால் ஃபில்டரை ஈரத்தோடு மாட்டியிருக்கிறீர்கள், அல்லது காயிலிலும் புளோயரிலும் பூஞ்சை. அணைப்பதற்கு முன் 20–30 நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டால் உள்ளே காயும். டிரை மோடு என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் கம்ப்ரஸர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்பு) ஓடும், காயில் நனைந்துகொண்டேதான் இருக்கும். சாக்கடை வாடை என்றால் ஃபில்டரைத் தொடவே வேண்டாம், டிரெயின் குழாயை பாத்ரூம் கழிவுக் குழாயோடு நேரடியாக இணைத்திருப்பார்கள். பிரித்து வெளியே விடச் சொல்லுங்கள். கருகிய வாடை வந்தால் உடனே எம்சிபி, பிறகு எலக்ட்ரீஷியன். ரூம் ஸ்பிரேயை ஃபில்டர்மேல் அடிப்பது மட்டும் எந்த வாடைக்கும் மருந்தல்ல. அந்த ஈரப்பசையில் தூசு இரட்டிப்பாக ஒட்டும்.

சத்தம்

உஸ்ஸென்று விசில்போல் இழுத்தால் ஃபில்டர் அடைப்பு. முன்பலகை கடகடத்தால் ஃபில்டரின் கொக்கி சரியாக விழவில்லை. தடதடவென்று அதிர்ந்தால் புளோயரில் ஒருபக்கம் மட்டும் தூசு உதிர்ந்து பாரம் சமனிழந்திருக்கிறது. போட்டதும் அணைத்ததும் 'படக்' என்று கேட்பது பிளாஸ்டிக் சுருங்கி விரிவது, விட்டுவிடலாம்.

அறை குளிர்வதற்குள் கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது

அறை வெப்பத்தை அளக்கும் சென்சார், ஃபில்டருக்குப் பின்னால் காயிலின் முகத்தருகே ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிளிப்பில் இருக்கிறது. காற்றோட்டம் குறைந்தால் காயிலின் குளிர் அங்கேயே தேங்கி, அறை குளிர்ந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். ஃபில்டரைக் கழுவினால் சரியாகும்.

சர்வீஸ் செய்த மறுநாளிலிருந்துதான் இந்தத் தொல்லை என்றால் வேறு காரணம்: பிரஷ் பட்டு சென்சார் கிளிப்பிலிருந்து விழுந்து காயிலைத் தொட்டுக்கொண்டிருக்கும். எம்சிபியை அணைத்து, காயிலைத் தொடாதபடி கிளிப்பில் திரும்ப மாட்டுங்கள். இதற்கு பிசிபி (ஏசியின் மின்னணுப் பலகை) மாற்றச் சொன்ன கதைகளும் உண்டு.

ஃபில்டர் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது

பெரும்பாலான வீட்டு ஏசிகளில் அது ஒரு மணிக்கணக்கு மட்டுமே, அழுக்கை அளப்பதில்லை. கழுவியபின் ரிமோட்டிலோ யூனிட்டிலோ உள்ள ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு எரியவில்லை என்பதற்காக ஃபில்டர் சுத்தம் என்று நம்பவும் வேண்டாம்.

கழுவிய ஒரே வாரத்தில் மறுபடி அடைக்கிறது

தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் தெருத் தூசு, மாவுபோல் வெண்மையாக இருந்தால் பக்கத்து சிமென்ட் வேலை. பிசுபிசுத்தால் அது வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது: ஹாலோடு ஒட்டிய சமையலறைத் தாளிப்புப் புகை, சாம்பிராணி, கொசுவர்த்தி. தாளிக்கும்போதும் தூபம் போடும்போதும் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் ஃபில்டரின் ஆயுள் மட்டுமல்ல, காயிலின் ஆயுளும் கூடும். இந்தப் பிசுக்குக்கு மட்டும் ஊறவைக்கும் நீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா சேர்க்கலாம்.

மெக்கானிக் "கேஸ் கம்மி" என்கிறார்

ஃபில்டர் அடைத்திருக்கும்போது கேஜ் (கேஸின் அழுத்தம் அளக்கும் கருவி) வைத்தால் சக்ஷன் பிரஷர், அதாவது கம்ப்ரஸருக்குத் திரும்பும் கேஸின் அழுத்தம், தானாகவே குறைவாகக் காட்டும். காயிலுக்கு வரும் சூடு குறைந்ததால் வரும் அளவு அது. அதை நம்பி கேஸ் ஏற்றினால், பிறகு ஃபில்டரைக் கழுவியதும் சுற்றில் கேஸ் அதிகமாகிக் கம்ப்ரஸர் திணறும். ஆகவே ஃபில்டர், காயில், அவுட்டோர் மூன்றும் கழுவியபின்தான் கேஜ். அப்போதும் குறைவென்றால் எங்கே கசிவு என்று காட்டச் சொல்லுங்கள். ஏற்றுவது அதற்குப் பிறகு, அதுவும் அவுட்டோர் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில், எடைபோட்டு. ஏசி கேஸில் ரகங்கள் உண்டு. ஆர்410ஏ என்பது இரண்டு கேஸ்களின் சரிபாதிக் கலவை என்பதால் கசிந்ததற்கு மேல் கொஞ்சம் ஊற்றுவதைவிட, முழுதும் எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே சரி. ஆர்32 ஒற்றைப் பொருள். அந்தச் சிக்கல் அதற்கில்லை.

அவுட்டோருக்கு ஃபில்டர் கிடையாது, காயிலே தூசு வாங்குகிறது. மின்சாரத்தை அணைத்து, தோட்டக் குழாயின் சாதாரண வேகத்தில் கழுவலாம். கார் கழுவும் பிரஷர் பம்பு இதழ்களை மடக்கிவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று அரிக்கும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

ஏர் ப்யூரிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு

ஏசியின் வலை பிடிப்பது நூல், முடி, பெருந்தூசு மட்டும். போகிப் புகைக்கும் தீபாவளிப் புகைக்கும் அது ஒன்றும் செய்யாது. அதற்கு நுண்துகள் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வேண்டும். ப்யூரிஃபையரின் முன்வலையை ஏசி வலைபோலவே கழுவலாம். ஹெப்பாவை ஒருபோதும் நனைக்கக் கூடாது: நுண்ணிழைகள் ஒட்டிக்கொண்டு வடிக்கும் திறன் போய்விடும், பார்வைக்கு மட்டும் வெள்ளையாக இருக்கும். கரி அடுக்கும் அப்படியே, வாடை பிடிக்காமல் போனால் மாற்றத்தான் வேண்டும்.

மூடிய அறையில் மணிக்கணக்கில் ஓடியும் சிவப்பு விளக்கு மாறவில்லையென்றால் பக்கவாட்டில் உள்ள சிறு மூடியைத் திறந்து, சென்சார் லென்ஸை உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். புதிதாக வாங்கிய மெஷின் முதல் நாளிலிருந்தே காற்றைச் சுத்தம் செய்யவில்லையென்றால், பின்மூடியைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். அதைச் சுற்றிவந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருக்கும்.